முந்தானைக்குத் தனி விலையா?

"இன்னா மாமா இது? சோழன் கேமுக்குள்ளயே இருக்கான். வெள்ளைக்காரனுக்குத் தனியா காசு கேக்கறாங்க."

தாமலில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து வருகிற ஊர் இது. ஒரு பக்கம் லாரிச் சத்தம் ஓயாத சாலை, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி, ஊருக்குள் பழமையான வராகீஸ்வரர் கோயில். காஞ்சிபுரத்தில் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிற அக்கா மகன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினான். திரையில் 'சிவிலைசேஷன் 7'. தள்ளுபடி வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் வாங்கியிருக்கிறான்.

2025 பிப்ரவரி 11 அன்று வெளியான விளையாட்டு அது. ஓர் அரசை எடுத்து வளர்த்து, யுகம் மாறும்போது வேறோர் அரசுக்கு மாறி, உலகத்தை ஆள வேண்டும். நடு யுகத்தில் சோழர்கள் வருகிறார்கள். அவர்களுடைய கப்பலுக்குக் 'கலம்' என்றே பெயர். மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் கட்டினால் ஐந்நூற்றுவர் வணிகப் பகுதி உருவாகும். நம் கல்வெட்டுகளில் இருக்கிற வணிகக் குழுக்களின் பெயர்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விளையாட்டில் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் பையன் வாங்கினான். வாங்கிய பிறகுதான் கடைப் பக்கத்தின் அடியில் இருந்த நீளமான பட்டியலைப் பார்த்திருக்கிறான். பிரிட்டன் தனி. கார்த்தேஜ் தனி. நேபாளமும் பல்கேரியாவும் தனி.

பிரிட்டன் இல்லாத உலக வரலாறா என்று அவன் கேட்டான். அவனுக்கு முன்பே உலகம் முழுவதும் பலர் இதையே கேட்டுவிட்டார்கள். விளையாட்டின் அடிப்படை விலை 70 டாலர். அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய். டீலக்ஸ் பதிப்பு 100 டாலர், அதற்கும் மேலே ஒன்று 130 டாலர். கூடுதலாகக் கொடுத்தவர்கள் ஐந்து நாள் முன்கூட்டியே, பிப்ரவரி 6 அன்றே விளையாடத் தொடங்கிவிட்டார்கள். டெகம்சே என்ற தலைவரும் அவருடைய ஷானி மக்களும் முன்பதிவு செய்தவர்களுக்கான பரிசு. வெளியாகிச் சரியாக ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச்சில், பிரிட்டன் விற்பனைக்கு வந்தது. அது வரப்போகிறது என்பதை வெளியீட்டுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். அதாவது, முதல் நாள் பெட்டி மூடப்பட்டபோதே அடுத்த பெட்டியும் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

விளையாட்டுப் பிள்ளைகள் இதை டிஎல்சி என்பார்கள். வாங்கிய விளையாட்டோடு பின்னால் இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி. கதையாக இருக்கலாம், கதாபாத்திரமாக இருக்கலாம், வெறும் உடையாகவும் இருக்கலாம். வெளியீட்டு நாளிலேயே அதற்கும் விலை போட்டு விற்றால்தான் சண்டை. இந்தச் சண்டைக்கு வயது இருபதை நெருங்குகிறது. கேம்தானே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் செய்து விற்கிறவனுக்கும் நடுவில் 'முழுசு' என்றால் என்ன என்ற கேள்வி இது. காஞ்சிபுரம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது புரியாத கேள்வி இல்லை.

எங்கள் காலத்தில் இந்தக் கூடுதல் பகுதிகள் வேறு மாதிரி வந்தன. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடியவர்களுக்கு நினைவிருக்கும். 1999இல் வந்த விளையாட்டு அது. அடுத்த வருஷம், 2000இல், 'தி காங்கரர்ஸ்' தனிச் சிடியில் வந்தது. புது அரசுகள், புதுப் போர்கள். ஒரு வருஷ உழைப்பு அதில் கண்ணுக்குத் தெரிந்தது. அது இல்லாதவர்களின் பழைய விளையாட்டில் எதுவும் குறையவில்லை. தனிக் காசு கேட்கிறார்களே என்று அன்றைக்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சிடி போய் இணையம் வந்ததும் கூறு போட்டு விற்பது சுலபமாகிவிட்டது. 2006 ஏப்ரலில் 'ஆப்ளிவியன்' விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் என்று ஒன்றை பெதெஸ்டா நிறுவனம் விற்றது. விலை இரண்டரை டாலர். குதிரைக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். உலகமே கேலி செய்தது. ஆனாலும் விற்றது. அதே விளையாட்டு 2025 ஏப்ரலில் புதுப்பொலிவோடு திரும்பி வந்தபோது, கூடுதல் பத்து டாலர் கொடுக்கிற டீலக்ஸ்காரர்களுக்குப் புதுக் குதிரைக் கவசமும் கூடவே வந்தது.

கவசம் போகட்டும், அது அலங்காரம். என்னை உறுத்தியது 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'. பகல் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு இரவு முகாமுக்குத் திரும்புகிறீர்கள். நெருப்பு மூட்டியிருக்கிறது, தோழர்கள் சுற்றி இருக்கிறார்கள். அங்கே லெவி டிரைடன் என்ற வணிகர் உங்களுக்காகக் காத்து நிற்கிறார். தன் குலத்துக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லி, அந்தப் பழியைத் துடைக்க உதவுங்கள் என்று கெஞ்சுகிறார். உங்களுக்கு மனம் இளகுகிறது. உதவுகிறேன் என்று சொல்லப் போனால், அந்தக் கதைக்குத் தனியே 7 டாலர் என்று தெரிகிறது. காசு கட்டாவிட்டால் அவர் அங்கேயேதான் நிற்பார். ஒவ்வொரு இரவும் உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கதை சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டி நடுவில் கையை நீட்டிக் காசு கேட்டால் பேரப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு அவள் கதையில் வரும் எந்தக் கண்ணீரையும் அந்தப் பிள்ளை நம்புமா?

2012 மார்ச்சில் சண்டை முற்றியது. 'மாஸ் எஃபெக்ட் 3' வெளியான அன்றே, 10 டாலருக்கு 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற பகுதி கூடவே வந்தது. அதில் கிடைப்பவன் ஜாவிக். 50,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன புரோத்தியன் இனத்தின் கடைசி உயிர். மூன்று விளையாட்டுகளாக அந்த இனம் விட்டுச்சென்ற இடிபாடுகளில்தான் கதையே நடக்கிறது. அந்த இனத்தில் உயிரோடிருக்கும் ஒரே ஆள் உங்களோடு கப்பலில் வந்து பேசுவதற்குத் தனிக் காசு. சிலர் கணினியில் கோப்புகளைத் துழாவியபோது, ஜாவிக்கின் சில பகுதிகள் ஏற்கெனவே உள்ளே இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் காப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' வந்தது. அதில் 12 வீரர்கள் விளையாட்டுக் குறுந்தட்டிலேயே பூட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டு உங்கள் கையில் இருக்கிறது, வீரர்களும் அதற்குள் இருக்கிறார்கள். பூட்டைத் திறக்க, மாதங்கள் கழித்து, இன்னும் 20 டாலர்.

நிறுவனங்கள் தரப்பில் சொன்ன பதிலையும் கேட்க வேண்டும். நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு விளையாட்டை முடித்துவிட்டோம் என்று சொல்லும் நாளுக்கும் அது கடைக்கு வரும் நாளுக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி உண்டு. கன்சோல் நிறுவனங்களின் சோதனையில் தேற வேண்டும், தட்டு அச்சாக வேண்டும், பெட்டியில் போட்டு நாடு நாடாக அனுப்ப வேண்டும். அந்த வாரங்களில் பிழை திருத்துகிறவர்களுக்குத்தான் வேலை. ஓவியர்களும் கதை எழுதுகிறவர்களும் உருவம் வடிக்கிறவர்களும் சும்மா இருப்பார்கள். அவர்களை வைத்து அந்த நேரத்தில் செய்ததுதான் இது, பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்தது இல்லை என்பது 'மாஸ் எஃபெக்ட்' செய்த பயோவேர் நிறுவனத்தின் விளக்கம். இன்னொன்றும் உண்மை. பெரிய விளையாட்டுகளின் விலை 2005 வாக்கில் 60 டாலருக்கு வந்து, 2020 வரை அங்கேயே நின்றது. அந்தப் பதினைந்து வருஷத்தில் அரிசி விலை நின்றதா, ஆள் கூலி நின்றதா? செலவு ஏற ஏற, விலையை ஏற்றத் தயங்கியவர்கள் வேறு வாசலைத் திறந்தார்கள்.

இதை யோசித்துக்கொண்டேதான் மறுநாள் காஞ்சிபுரத்தில் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் மகனும் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரையின் நாடாவை அப்பா பார்த்துக்கொள்ள, மறுபக்கத்து நாடாவை மகன் தள்ளுகிறார். ஒவ்வொரு வரியிலும் கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்புகின்றன. தைத்து ஒட்டிய கரை இல்லை அது. இழுத்துப் பார்த்தால் நடுத்துணிதான் முதலில் கிழியும் என்று அந்தப் பெரியவர் பெருமையாகச் சொன்னார். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை முடிந்து சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முந்தானை முடிந்து, ரவிக்கைத் துணியும் அதே பாவில் நெய்துதான் தறியிலிருந்து இறக்குவார்கள். பத்துப் பதினைந்து நாளில் இறங்கும் புடவையும் உண்டு, வேலைப்பாடு கூடினால் மாதம் ஆவதும் உண்டு.

அவரிடம் விளையாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். "குஞ்சம் கட்டத் தனிக் காசு, ஃபால்ஸ் தைக்கத் தனிக் காசு. அது யாருக்கும் தெரியும். முந்தியை வெட்டி வெச்சிக்கினு, அதுக்குத் தனி விலைன்னா வாங்கறவங்க ஒத்துக்குவாங்களா தம்பி?"

நான் வருஷக்கணக்காகப் படித்த வாதங்களில் எதுவும் இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்ததில்லை. குஞ்சம் புடவை முடிந்த பிறகு சேருவது. அது இல்லாமலும் புடவை புடவைதான். குதிரைக் கவசம் குஞ்சம். ஜாவிக் முந்தானை. நிறுவனங்கள் சொல்லும் அந்த இடைவெளிக் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டாலும் இது மாறாது. பாவு தறியில் ஏறிய பிறகு சாயம் போடுகிறவருக்கு அந்தப் புடவையில் வேலை கிடையாது. அவர் அடுத்த புடவைக்குப் பட்டு நனைக்கப் போவார். அந்த ஓய்ந்த வாரங்களில் இதே புடவைக்கு ஒரு முந்தானையைச் செய்து, முதல் நாளே பக்கத்தில் வைத்து விற்றால், வாங்குகிறவளின் சந்தேகத்துக்கு அவளைக் குறை சொல்ல முடியாது. எப்போது செய்தார்கள் என்பது பட்டறைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெளியே நிற்பவருக்குத் தெரிவது, தன் கையில் இருப்பதில் என்ன இல்லை என்பது மட்டும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2015இல் 'விட்சர் 3' வெளியிட்டபோது 16 சிறு கூடுதல்களை இலவசமாகவே கொடுத்தது. பிறகு இரண்டு பெரிய பகுதிகளுக்குத்தான் காசு வாங்கியது. அதில் 'பிளட் அண்ட் ஒயின்' ஒரு வருஷம் கழித்து, 2016 மேயில் வந்தது. தனி விளையாட்டு என்று சொல்லுமளவுக்குப் பெரியது. அந்த வருஷத்தின் சிறந்த ஆர்பிஜி, அதாவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கான விருதையே, கூடுதல் பகுதியாக இருந்தும், அது வாங்கியது.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. அதே 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2', 2019இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தது. அதில் இந்தியா முழுவதற்கும் 'இந்தியர்கள்' என்று ஒரே அரசுதான். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் பகுதி 10 டாலருக்கு வந்தது. பழைய இந்தியர்கள் இந்துஸ்தானியர் ஆனார்கள். திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று மூன்று புது அரசுகள் பிறந்தன. திராவிடர்களுக்கு உருமி வாள் சுழற்றும் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல். ராஜேந்திர சோழனின் வாழ்க்கையே விளையாடக்கூடிய கதையாக வந்தது. முதல் வெளியீட்டுக்கு இரண்டரை வருஷம் கழித்து, புது ஆராய்ச்சியோடும் புது உழைப்போடும் வந்த பகுதி. அக்கா மகன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான். கங்கை வரை போய்விட்டு வந்த கதையை இரண்டு நாள் ஓயாமல் சொன்னான். ஆகவே காசு கொடுப்பதில் இந்தப் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருப்பதாக யாரும் சொல்ல வேண்டாம்.

முழுசாகக் கொடுத்த இன்னொரு விளையாட்டையும் சொல்லியாக வேண்டும். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதலில் இட்லி. தட்டுகளை அடுக்கும்போது ஒன்றின் குழிக்கு நேர் மேலே இன்னொன்றின் குழி வராமல் மாற்றி வைக்க வேண்டும். வீட்டில் அம்மா சொல்லித் தந்த அதே கணக்கு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 15 டாலருக்கு இது சின்னது என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் மகனின் கடைசிச் சமையலைத் தனியே எடுத்துவைத்து அவர்கள் விற்கவில்லை. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் லேப்டாப் வைத்திருக்கிறவர்களின் சண்டை. தாமல் ஏரிக்கரையில் சாயங்காலம் கூடும் பையன்களிடம் 70 டாலர் விளையாட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அப்பாவின் பழைய போன். அதில் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்'. வாங்க ஒரு பைசா வேண்டாம். விளையாட்டு இலவசம், அதற்குள் இருக்கும் மற்ற எல்லாமும் விலைக்கு. டைமண்ட் என்ற நாணயத்தை ரூபாய் கொடுத்து வாங்கி, அதில் உடை, துப்பாக்கித் தோல், நடன அசைவு எல்லாம் வாங்க வேண்டும். டிஎல்சி என்ற சொல்லே அவர்களிடம் இல்லை. 'டாப்-அப்' என்கிறார்கள், ரீசார்ஜ் செய்வதைப் போல. எட்டாவது படிக்கிற ஒரு பையன் திரையைக் காட்டினான். மற்றவர்களின் வீரர்கள் தங்க இறக்கையும் நெருப்புத் தலையுமாக நிற்க, அவனுடையவன் வெள்ளைச் சட்டையில் நின்றான்.

"இது டிஃபால்ட் டிரஸ்ணா. இத்தப் போட்டா பாட்னு சொல்லுவாங்க. டீம்ல சேக்க மாட்டாங்க."

பாட் என்றால் ஆள் இல்லாமல் கணினியே ஓட்டும் பொம்மை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை கொடுத்ததே இந்தச் சொல் வரக்கூடாது என்றுதான். அது போன் வழியாக மறுபடி நுழைந்துவிட்டது. சுழற்றிப் பார்த்தால் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும் என்ற 'லக் ராயல்' சக்கரம் இன்னொரு பக்கம். என்ன வாங்குகிறோம் என்று தெரியாமலே காசு போகிறது. இப்படிக் காசு வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை பெல்ஜியம் 2018லேயே சூதாட்டம் என்று அறிவித்தது. இங்கே தமிழ்நாடு 2023இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத் தடை செய்தது. இரண்டுமே தேவையான சட்டங்கள். ஆனால் டைமண்ட் வாங்கிய பையனுக்குப் பணம் திரும்பி வராததால், அவன் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கிறான்.

பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் வாங்கினாலும் எம்ஆர்பி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வியாபாரத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு விதிகள் வெளியிட்டது. விலையை முதலில் முழுசாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதை விளையாட்டுகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். விற்பனைக்கு வரும் அன்றே, அடுத்த மூன்று மாதத்தில் என்னென்ன வரும், எல்லாம் சேர்த்து என்ன விலை என்று பெட்டியின் மேலே எழுதட்டும். 70 என்று எழுதிவிட்டுக் கடைசியில் 130 ஆகிற பொருளுக்கு முதலிலேயே 130 என்று எழுதட்டும். விலை அதிகம் என்று நினைப்பவர் வாங்காமல் போகலாம். போனிலும் அப்படியே. இந்த உடைக்கு இத்தனை டைமண்ட் என்று காட்டாமல் இத்தனை ரூபாய் என்று காட்டட்டும். நூறு ரூபாய் என்று பார்த்தால் எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தன் அம்மாவின் கூலி நினைவுக்கு வரும். டைமண்ட் என்று பார்த்தால் வராது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அந்தப் பையன் திண்ணைக்கு வந்தான். லேப்டாப்பில் சோழர் கலங்கள் கடலில் போய்க்கொண்டிருந்தன. அக்கா மகன் பக்கத்தில் இடம்விட்டு, மவுஸை அவன் கையில் கொடுத்தான். சின்னவன் ஒரு கப்பலைத் தீவுக்கு ஓட்டினான். துறைமுகம் ஒன்று எழும்பியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"இதுல டிரஸ்ஸெல்லாம் வாங்கணுமாண்ணா?"

"வேணாம்டா. எல்லாம் உள்ளயே இருக்கு," என்றான் இவன். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திருத்திக்கொண்டான். "கிட்டத்தட்ட எல்லாம்."